இன்ஜின் முனகுகிற இடம்

சாயங்காலம் ஆறரை மணி. ஆரம்பாக்கத்திலிருந்து ஏரிப் பக்கம் போகிற மண் ரோடு... அந்த நேரத்துக்கு ஒரு நாய்கூட அங்கே போகாது. கிட்டே வந்து உட்காருங்கள், இது கத்திச் சொல்கிற கதையா? நம்ம பிரபாகரன், அதோ மூலையில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறானே, அவனுடைய சித்தப்பா நாகப்பனுக்கு நடந்தது.

நாகப்பன் டிராக்டர் டிரைவர். அந்த ரோடு முடிகிற இடத்தில், ஏரியை ஒட்டின கழனியில் பின்னால் கத்திகள் சுழலுகிற ரோட்டவேட்டரைக் கட்டிச் சேறடிப்பான். தண்ணீர் கட்டின கழனியில் லோ ஃபஸ்ட் கியர் போட்டு, ரேஸை நன்றாகத் தூக்கி வைத்து, மெதுவாகப் போக வேண்டும். சத்தம் சீராக இருக்கும். நாகப்பனோ எப்போதும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன். கியரைக் கூட்டுவான், டீசல் மிச்சமாகட்டும் என்று ரேஸைக் குறைப்பான். மண்கட்டி தட்டினால் போதும், இன்ஜின் 'ம்ம்ம்...' என்று முனகும். ரேஸைத் தூக்கித் தாண்டிவிடுவான். ஏரிச் சேறு ஐயா அது! நிறுத்தினால் சக்கரம் புதைந்துவிடும். அங்கே எந்த டிரைவரும் நிறுத்த மாட்டான்.

போன வருஷம் அப்படித்தான் முனகியது. தாண்டினான். திரும்பிப் பார்த்தால்... தண்ணீர் சிவப்பு. சேற்றில் கையால் தடவி நண்டு பிடிக்கிற நாகம்மாள். குனிந்திருந்தவளை அவன் பார்க்கவில்லை. உயிர் இருந்தது. கையை நீட்டினாள். பாவி என்ன செய்தான் தெரியுமா? ரிவர்ஸ் எடுத்தான். மறுபடி முனகல்... மறுபடி ரேஸ். இருட்டினதும் உடம்பை ஏரியில் தள்ளினான். "ஏரி கொண்டுகினு பூட்ச்சே"னு ஊரே அழுதது. படகில் தேடப் போனவர்களில் நாகப்பனும் ஒருத்தன்.

இந்த வருஷம் அதே கழனி. அதே இடம் வந்ததும் முனகல்... கட்டி இல்லை, கல் இல்லை. பச்சை நண்டு வாடை மட்டும் குப்பென்று வரும். ஒவ்வொரு சுற்றிலும். அப்புறம் பழகிவிட்டது. முனகுதா? ரேஸ் கொடு. தாண்டு. திரும்பிப் பார்க்காதே.

வீட்டில் நண்டைத் தொடுவதில்லை. பெண்சாதி வசந்தாவுக்கு எரிச்சல்.

"இன்னாய்யா, நண்டுன்னா உசுர வுடுவே, இப்ப மூஞ்சத் திருப்பிக்கினு போறே?"

அவள்மேல் அவனுக்கு அவ்வளவு ஆசை. அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாது, அது ஒன்றுதான் அவன் பயம்.

அன்றைக்கு வெளிச்சம் மங்கி வருகிறது. பழைய இடம் வந்தது... முனகவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டான். வரப்போரம் திரும்பும்போது, முனகியது. அதே வாடை. 'எடம் மாறிட்டியாடி சனியனே!' ரேஸை முழுசாகத் தூக்கினான். ஏறி இறங்கித் தாண்டியது. திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தான். அடுப்பில் புளிக்குழம்பு தளதளவென்று கொதிக்கிறது. ஆள் இல்லை. பக்கத்து வீட்டு முத்தம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"உன்னாண்டதானே வந்தா? டிராக்டர் ஓட்டுனா நண்டு மேல வரும், நாலு புட்சாந்து கொழம்புல போடறேன், அந்தாளு எப்படித் துன்னாம போவாருன்னு பாக்கறேன்னு சொல்லிக்கினு போனாளே!"

பிரபாகரனைக் கூட்டிக்கொண்டு டார்ச்சோடு ஓடினான். கூடை மிதந்தது. உள்ளே நண்டுகள் இன்னும் பிராண்டிக்கொண்டிருந்தன. வசந்தாவைச் சேற்றிலிருந்து தூக்கி மடியில் போட்டுக்கொண்டு அழுதபோதுதான் நாகம்மாள் கதையையே சொன்னான். இப்போது ஜெயிலில் இருக்கிறான்.

அதற்காகக் கழனியைச் சும்மா போடுவார்களா? மிச்சத்தை நேற்று பிரபாகரன்தான் ஓட்டினான். பழைய இடத்தில் சத்தமே இல்லையாம். வரப்போரத்தில் முனகியதாம்... புளிக்குழம்பு வாடையோடு.

"நிறுத்துனியாடா?" என்று கேட்டால், தலையைத் தூக்காமல் சொல்கிறான்:

"எப்டி நிறுத்தறது? சேறு. சித்திதான்னு தெரியும்... ரேஸ் குட்த்துத் தாண்டிட்டேன்."