கைதட்டல் வரைக்கும்

பாட்டு போட்டால் மீன் ஓடிப்போகும் என்று சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஒன்பது வருடமாக அந்த நீர்த்தேக்கத்தில் வலை இழுக்கிறேன். ஓடுகிற மீன் பாட்டில்லாமலும் ஓடும், மாட்டுகிற மீன் எந்தப் பாட்டுக்கும் மாட்டும். ஸ்ரீதரனிடம் இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அவன் காதில் ஏறவே இல்லை.

ஹஸன் சார், வாக்குமூலத்தை என் கையாலேயே தமிழில் எழுதலாம் என்று அனுமதித்ததற்கு நன்றி. இதைச் சிங்களத்துக்கு மாற்றும்போது நீளமாக இருக்கிறது என்று எதையும் வெட்டிவிடாதீர்கள். எந்த விஷயத்தையும் பாதியில் நிறுத்துவது எனக்கு ஆகாது. நான் சொல்லப்போவதெல்லாம் அதைப் பற்றியதுதான்.

என் பெயர் செல்லத்துரை. வயது ஐம்பது. பலாங்கொடையிலிருந்து பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் எங்கள் தோட்டம். அங்கே கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தேன். தேயிலைச் செடியின் தலையை மட்டமாக வெட்டுகிற வேலை அது. முழங்கால் போன பிறகு மலை ஏற முடியவில்லை. கீழே நீர்த்தேக்கத்தில் மீன்பிடிச் சங்கம் ஆள் சேர்த்தபோது போய்ச் சேர்ந்தேன். என் தங்கை விஜயகலாவின் புருஷன் ஸ்ரீதரன் அப்போது சும்மா இருந்தான். நான்தான் அவனையும் சேர்த்துவிட்டேன். படகில் ஏறத் தெரியாமல் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நின்றவன், இரண்டே வருடத்தில் எனக்குத் துடுப்புப் பிடிக்கச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தான். ஆள் அப்படி.

படகில் என்னிடம் ஒரு ஸ்பீக்கர் இருந்தது, சோற்றுப் பெட்டி அளவு. அதில் போடுகிற மெமரி கார்டில் நூற்றுப் பத்துப் பாட்டுகள். நூற்றொன்பது மற்றவர்கள் பாடியது. ஒன்று நான் பாடியது.

இருபத்தாறு வருடங்களுக்கு முன்னால் எங்கள் தோட்டத்து அம்மன் கோயில் திருவிழாவில், மேடையில் நான் பாடிய பாட்டு அது. சொல்லும் என்னுடையது, மெட்டும் என்னுடையது. யாரோ கெசட்டில் பிடித்து வைத்திருந்ததை பலாங்கொடையில் ஷிராஸ் என்கிற கடைக்காரர் கார்டில் ஏற்றித் தந்தார். நாலு நிமிடம் ஐம்பது வினாடி. அதில் கடைசி இருபத்திரண்டு வினாடி கைதட்டல். தோட்டத்தில் அப்படி ஒரு கைதட்டலை அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

ஸ்ரீதரன் அந்தப் பாட்டை ஒரு நாளும் கடைசி வரை ஓட விட்டதில்லை. மற்ற நூற்றொன்பது பாட்டையும் கேட்பான், தாளம்கூடப் போடுவான். என் குரல் வந்ததும் கை ஸ்பீக்கருக்கு நீளும். "போதும் மச்சான், தல வலிக்குது" என்பான். ஒரு தடவைகூட மூன்று நிமிடத்தைத் தாண்டியதில்லை. நான் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை, ஆனால் எனக்குத் தெரியும்.

இனி டின் விஷயம். அணை கட்டியபோது வெட்டாமல் விட்ட மரங்கள் தண்ணீருக்கு அடியில் இன்னும் நிற்கின்றன. சாயங்காலம் போட்ட வலையைக் காலையில் இழுக்கும்போது, வாரத்துக்கு ஒரு தடவையாவது கிளையில் சிக்கிக்கொள்ளும். அப்போது ஒருவன் மூச்சுப் பிடித்து இறங்கி எடுத்துவிட வேண்டும். எனக்கு முழங்கால் சரியில்லாததால் ஸ்ரீதரன்தான் இறங்குவான். இடுப்பில் கயிறு கட்டிக்கொள்வான். கயிற்றின் மறுபக்கத்தில், படகின் குறுக்குக் கம்பியில், கூழாங்கல் போட்ட ஒரு பால்மா டின் தொங்கும். அவன் கீழேயிருந்து ஒரு தடவை இழுத்தால் இன்னும் கொஞ்சம் கயிறு விட வேண்டும். மூன்று தடவை இழுத்தால் அவனை மேலே தூக்க வேண்டும். டின் அவனுடைய யோசனை. கெட்டிக்காரன்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். இரண்டு தடவை அவன் கால் மாட்டி, மூன்று தடவை டின் ஆடி, நான் இழுத்துக் காப்பாற்றியிருக்கிறேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு தடவை மேலே வந்து, மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னான், "ஒங்க பாட்டு அடி வரைக்கும் கேக்குது மச்சான். தண்ணிக்குள்ள போயும் தப்பிக்க முடியல்லீங்க." ஸ்பீக்கரைப் படகின் அடிப்பலகையில் வைத்தால் சத்தம் அப்படியே தண்ணீருக்குள் இறங்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. கரையில் மீன் நிறுக்கிற கொட்டகையில் பத்துப் பதினைந்து பேர் இருந்தோம். எல்லாரும் நல்ல மனநிலையில் இருந்ததால் என் பாட்டைப் போட்டேன். பாதிப் பாட்டில் ஸ்ரீதரன் வந்து நிறுத்தினான். நான் கோபப்படவில்லை. "கடைசியில கைதட்டு இருக்கு, அத மட்டும் கேட்டுட்டு நிப்பாட்டு" என்றேன்.

அவன் எல்லாரையும் பார்த்துச் சொன்னான். "அந்தக் கைதட்டு மச்சானுக்கு இல்லீங்க. அந்த நேரம் பாத்து தோட்டத்துப் பெரிய தொர வந்து மேடையில ஏறினாரு. தொரைக்குத்தான் சனம் தட்டிச்சி. நா சின்னப் பயலு, முன்னாலதான் குந்தியிருந்தேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

சிரித்தார்கள். தமிழ் தெரியாதவர்களுக்காக அதையே சிங்களத்திலும் ஒரு தடவை சொன்னான். இரண்டாவது சிரிப்பு முதலாவதைவிடப் பெரிது. மீன் கூடை தூக்க வந்திருந்த விஜயகலா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். என் கூடப் பிறந்தவள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் நின்றால் என்ன நினைப்பார்கள்?

பத்து நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, ஸ்ரீதரன் தண்ணீருக்குள் இறந்துபோனான். வலையில் இடது கால் மாட்டியிருந்தது. அன்றைக்கு உங்கள் ஸ்டேஷனில் நான் சொன்னது இதுதான்: படகில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, அந்தச் சத்தத்தில் டின் ஆடியது எனக்குக் கேட்கவில்லை, கேட்டபோது நேரம் போய்விட்டது. நீங்கள் என் தோளில் கை வைத்தீர்கள். டீ வாங்கிக் கொடுத்தீர்கள். விசாரணையில் விபத்து என்று முடிவானது.

அதோடு விஷயம் முடிந்திருக்கும். என்னை யாரும் சந்தேகப்படவில்லை. விஜயகலா என் மடியில் விழுந்து அழுதாள். கருமாதிச் சாமான் எல்லாம் நான்தான் தூக்கிச் சுமந்தேன். அவளுக்கும் பிள்ளைக்கும் இனிமேல் நான்தான் என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னேன், அதை மனதாரத்தான் சொன்னேன்.

ஆனால் கருமாதிக்கு மறுநாள் என்ன நடந்தது தெரியுமா? விஜயகலா கொட்டகைக்கு வந்தாள். ஸ்பீக்கரை எடுத்தாள். "இந்தச் சனியன் பாட்டுதாண்ணே அவரக் கொன்னிச்சி" என்று சொல்லி தண்ணீரில் வீசினாள். யாரும் தடுக்கவில்லை. நல்லவேளை, கார்டு என் சட்டைப் பையில் இருந்தது. அதே வாரம் சங்கம் கூடி ஒரு சட்டம் போட்டது. தலைவர் எழுந்து, "போட்டுவல சிந்து எப்பா" என்று சிங்களத்தில் சொன்னார். படகில் பாட்டு கூடாதாம். கொட்டகைச் சுவரில் இரண்டு மொழியிலும் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். தமிழில் இரண்டு எழுத்துப் பிழை. ரோட்டில் போகிற பிள்ளைகள்கூட என்னைக் காட்டி, 'பாட்டு கேட்டு ஆளைச் சாகவிட்ட தாத்தா' என்கிறார்கள்.

எந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது என்று உங்களிடம் சொல்லியிருந்தேன். அது ஊருக்குள் பரவிவிட்டது. திருவிழாவில் கைதட்டு வாங்கின பாட்டு இப்போது ஆளைக் கொன்ற பாட்டு. என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். அந்தப் பாட்டின் மேல் பழி போடுவதை நான் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அது ஒரு பாவமும் செய்யவில்லை. அதற்காகத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

அன்று காலை வலை சிக்கியது. நான் சிக்க வைக்கவில்லை, அது தானாகவே சிக்கியது. ஸ்ரீதரன் கயிற்றைக் கட்டிக்கொண்டு காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தான். நான் என் பாட்டைப் போட்டேன். அவன் திரும்பிப் பார்த்தான். கை ஈரமாக இருந்ததால் தொடவில்லை. "நா மேல வாறதுக்குள்ள அத நிப்பாட்டி வைங்க மச்சான்" என்று சொல்லிவிட்டு இறங்கினான். நிறுத்த வேண்டிய தேவை வரவில்லை.

முதல் சரணம் முடிகிற இடத்தில் டின் ஆடியது. மூன்று தடவை. நன்றாகக் கேட்டது. பாட்டை அது கொஞ்சம்கூட மறைக்கவில்லை, பாட்டும் அதை மறைக்கவில்லை. இரண்டும் தனித்தனியாகக் கேட்டன. இதைச் சங்கத்துக்கு நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும். படகில் பாட்டு ஓடினால் டின் கேட்காது என்பது சுத்தப் பொய். அந்தப் பொய்யைச் சொன்னவனே நான்தான், அதனால் திருத்துகிற உரிமையும் எனக்குத்தான்.

மறுபடியும் மூன்று. பிறகு எண்ண முடியாதபடி. தாளத்தோடு ஒட்டாமல் இடைஞ்சலாக இருந்தது. இரண்டாவது சரணத்தில் ஒரு இழுப்பு இருக்கிறது, அந்த இடத்தில் யாராவது இருமினால்கூட எனக்குப் பொறுக்காது. டின்னைக் கம்பியிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டேன். கயிறு கடைசி வரை என் கையில்தான் இருந்தது, சார். அவன் இழுத்ததெல்லாம் எனக்குக் கைக்குத் தெரிந்தது. முதலில் பலமாக, பிறகு பலமில்லாமல், பிறகு ஒன்றுமில்லை. அப்போது மூன்று நிமிடம் தாண்டியிருந்தது. அவன் கூட இருக்கும்போது என் பாட்டு மூன்று நிமிடம் தாண்டியது அதுதான் முதல் தடவை.

பாட்டு முடிந்தது. கைதட்டலையும் முழுதாகக் கேட்டேன். ஸ்பீக்கரை நிறுத்தினேன். அதன் பிறகுதான் கயிற்றை இழுத்தேன். ஸ்ரீதரனை நான்தான் கொன்றேன். பாட்டு கொல்லவில்லை. இந்த இரண்டு வரியையும் ஒன்றாகவே எழுதுங்கள். முதலாவதை மட்டும் எழுதிவிட்டு இரண்டாவதை விட்டுவிடாதீர்கள்.

இத்துடன் மெமரி கார்டையும் ஒப்படைக்கிறேன். நூற்றுப் பத்தாவது பாட்டு. தயவுசெய்து கடைசி வரைக்கும் போட்டுக் கேளுங்கள். கைதட்டலுக்கு நடுவில் மைக்கில் ஒருவர், "வழி விடுங்க, வழி விடுங்க, மால எங்க, மாலயக் கொண்டாங்க" என்று சொல்வது கேட்கும். சனம் அந்த அளவுக்கு என்னைச் சூழ்ந்துகொண்டது. மாலை என் கழுத்துக்கு வந்து சேரவில்லை, கூட்டத்தில் எங்கேயோ தவறியிருக்கும்.

அடி வரைக்கும் கேட்கிறது என்று ஸ்ரீதரனே சொல்லியிருக்கிறான். கைதட்டு யாருக்கு என்று அவனுக்கு இப்போது தெரிந்திருக்கும்.