இடாப்பில வெட்டின பேர்

நுஸ்ஹாட பேர வெட்டினது நீங்கதான் சேர். வகுப்பு டீச்சர் இல்ல, அதிபர் இல்ல, பிரதி அதிபர் நீங்க. பன்னெண்டாம் ஆண்டு பயோ வகுப்புட வரவு இடாப்புல இருபத்தேழாவது பேர். அடிமட்டம் வெச்சு நேரா ஒரு செவப்புக் கோடு. ஓ.எல்-ல ஒம்பது ஏ எடுத்த புள்ள. அஞ்சு மாசம் வகுப்புக்கு வந்திரிக்கா, அதுக்குப் பொறகு வரல்ல. ஏன் வரல்ல எண்டு ஒராளாவது போய்க் கேட்டீங்களா?

இல்ல, இரிக்க வரல்ல. நிண்டே கதைக்கிறன். ஹோல்ல புள்ளையள் வந்து குந்திட்டாங்க எண்டு தெரியும். புதுசா ஏ.எல் தொடங்குற புள்ளையளுக்கு அறிவுரை செல்ல வா எண்டுதானே கூப்பிட்டீங்க, அதான் பேராதனைக் கெம்பஸ்ல இருந்து லீவுக்கு வந்தவ வீட்டுல கிடக்காம வந்திரிக்கன். செல்றன். ஆனா அதுக்கு முதல் நுஸ்ஹாட இந்த ஃபோமுக்கு ஒரு முடிவு செல்லுங்க. இண்டைக்குத்தான் கடைசி நாள்.

கடிதம் அனுப்பினீங்களா? ஓம் சேர், அனுப்பினீங்க. அதையும் பாத்துட்டன். தங்கள் மகன் சாய்கோடு மகள் பாடசாலைக்குச் சமுகமளிக்காமையால் எண்டு அச்சடிச்ச கடிதம். மகனா மகளா எண்டு ஒண்ட வெட்டிவிடக் கூட ஒருத்தருக்கும் நேரம் இரிக்கல்ல. பேர வெட்ட மட்டும் நேரம் கிடைச்சிரிக்கி.

சத்தம் போடல்ல. என்ட குரலே இப்பிடித்தான். நீங்கதானே விவாத அணியில நிப்பாட்டி, பின் வாங்கில இரிக்கிறவனுக்கும் கேக்கணும் எண்டு பழக்கினீங்க. இப்ப கேக்குது எண்டா கோவிக்கப்படா.

அவ கேக்குறது பெரிய விசயம் ஒண்டும் இல்ல. இந்த வருசம் தொடங்குற புள்ளையளோட சேந்து டெக் பிரிவுல திரும்பப் படிக்கிறண்டு கேக்குறா. பொறியியல் தொழில்நுட்பம். அதிபர்ட்டப் போனன், பிரதி அதிபர்ட சிபாரிசு இரிந்தா எனக்குப் பிரச்சின இல்ல எண்டுட்டார். ஆகக் கடைசியா எல்லாம் உங்கட பேனையிலதான் வந்து நிக்கிது.

ஒரு வருசம் பிந்தின புள்ள, வெட்டின பேரத் திரும்ப எழுத ஏலாது. சரி. அப்ப பாயிஸ எப்பிடி எழுதினீங்க? நான் இந்த ஸ்கூல்ல படிக்கக்குள்ள நடந்ததுதானே. கட்டாருக்குப் போறண்டு எட்டு மாசம் ஸ்கூலுக்கு வராம நிண்டவன். மாகாண ஃபுட்போலுக்குக் கோல் காக்க ஆள் இல்ல எண்டதும், வெட்டின பேர் அடுத்த திங்கக்கிழமை இடாப்புல வந்து குந்திச்சி. அண்டைக்கு எந்தச் சுற்றறிக்கையும் குறுக்க வரல்ல. நான் பாயிஸக் குறை செல்லல்ல சேர், நல்லாத்தான் பந்து புடிச்சான். ஒரு பந்துக்கு வளையிற சட்டம் ஒரு புள்ளைக்கும் வளையட்டும் எண்டு செல்றன்.

என்ன? டெக் கிளாஸ்ல ஒரு பொம்புளப் புள்ளயும் இல்லியா? அப்ப முதலாவது ஆளா இவ இரிக்கட்டும். ஒராள் போனாத்தானே ரெண்டாவது ஆள் போகும். வேர்க்‌ஷொப்புல ஆம்புளப் புள்ளையளோட நிக்கணுமாம். பயோ லெப்ல மட்டும் என்ன செய்றாங்க? ஒரே மைக்குறோஸ்கோப்புல மாறி மாறிக் கண்ண வைக்கலாம், ஒரு எஞ்சினுக்கு ரெண்டு பக்கமும் நிண்டு நட்டுக் கழட்ட ஏலாதா? ரெண்டுக்கும் இடையில என்ன ஹறாம் இரிக்கி எண்டு எனக்கு விளங்கல்ல. நீங்க சிரிக்கிறீங்க. சிரிங்க.

அவட வாப்பா விரும்ப மாட்டாரா? யாரு சென்ன? மசூர் காக்காவ நீங்க கண்டிருக்கீங்களா சேர்? சாய்ந்தமருதுக் கடற்கரையில தோணி எஞ்சின் திருத்துற மனிசன். போன வெள்ளிக்கிழமை சாச்சாட தோணி எஞ்சின எடுக்க நானும் கூடப் போனன். கொட்டிலுக்கு மேல வெயில் மறைக்க ஒரு பேனர் கட்டியிருக்கி. பாத்தா எங்கட ஸ்கூல் பேனர். ஓ.எல்-ல ஒம்பது ஏ எடுத்த புள்ளையளுக்கு வாழ்த்து. அஞ்சு ஆம்புளப் புள்ளையள்ட மூஞ்சி, அஞ்சு பேரும் டை கட்டி. பக்கத்துல ஏழு பொம்புளப் புள்ளையளுக்கு ஏழு றோசாப் பூ. ஏழும் ஒரே பூ. கீழ பேர் மட்டும். நான் எஞ்சினியரிங் கிடைச்ச நேரம் என்னையும் அப்பிடித்தானே பூவாக்கி மெயின் றோட்டுல தொங்க விட்டீங்க. என்ட உம்மா அந்தப் பூவ ஃபோன்ல படம் எடுத்து மாமிமாருக்கெல்லாம் அனுப்பினா.

அந்தப் பேனருக்குக் கீழ ஒரு புள்ள குந்திக்கிட்டு கார்பரேட்டரக் கழட்டி மண்ணெண்ணெய்ல கழுவுது. இதுல எந்தப் பூ காக்கா உங்கட மகள் எண்டன். மூணாவது எண்டார். கீழ குந்தியிருக்கிறதும் அவதான் எண்டார். அந்த வாப்பாவா விரும்ப மாட்டார்? ஓ.எல் றிசல்ட் வந்த கையோட, உனக்கு என்ன விருப்பமோ அதப் படி மகள் எண்டு செல்லி, டெக் ஃபோமுல முதல் சைன் வெச்சவரே அவர்தான். அது தெரியுமா உங்களுக்கு?

தெரியாது. அதான் பாருங்க. ஒம்பது ஏ எண்டா பயோ எண்டு நீங்க முதலே லிஸ்ட் அடிச்சு வெச்சிருப்பீங்க. அடுத்த ஸ்கூல் பயோவுக்கு ஒம்பது ஏ பதினாலு எண்டா எங்களுக்குப் பன்னெண்டாவது வேணும். அந்தப் பன்னெண்டுல ஒண்டுதான் நுஸ்ஹா. வகுப்புல குந்தினா, படத்துக்கு நிறம் அடிச்சா, லத்தீன் பேர் பாடமாக்கினா. முதல் தவணையில இருவத்திமூணு புள்ளி. ரெண்டாம் தவணைக்குப் பத்தொம்பது. ஒம்பது ஏ நீயா எடுத்தாய், இல்லாட்டி பக்கத்துல இரிந்தவட பேப்பரா எண்டு ஒரு டீச்சர் கேட்டிருக்கா. நாப்பது புள்ளைக்கு முன்னால. மத்த நாள் தலையிடி எண்டு வீட்டுல நிண்டவதான், பொறகு வரவே இல்ல.

அந்த டீச்சர்ட பேர் வேணாம் சேர். உங்களுக்கு விளங்கிட்டு எண்டு மூஞ்சில தெரியுது.

ஹோல்ல இரிக்கிற புள்ளையளுக்கு என்ன செல்லப் போறனா? ஃபோன உம்மாட்டக் குடுங்க, சுபஹுக்கு எழும்புங்க, பாஸ் பேப்பர் செய்ங்க எண்டு செல்ல மாட்டன். அதெல்லாம் ரியூசன் சேர்மாரும் செல்லிட்டாங்க, ஜும்மாப் பயான்லயும் செல்லிட்டாங்க, பஸ் கொண்டெக்டரும் செல்லியிருப்பார். நான் ஒண்டே ஒண்டு செல்லுவன். எடுத்த பாடம் சரி வரல்ல எண்டா முதல் மாசத்துக்குள்ள மாத்தலாம். அப்பிடி ஒரு விதி இரிக்கி. உங்கட மேச லாச்சிக்குள்ள இரிக்கி. நோட்டீஸ் போர்டுல ஒரு நாளும் ஏறினதில்ல. இண்டைக்கு நான் மேடையில வாசிப்பன்.

மிரட்டல்ல சேர். முன்கூட்டியே செல்றன்.

ஆ, பேனையா? இந்தாங்க. அங்க இல்ல, அதுக்குக் கீழ. சிபாரிசு செய்கிறேன் எண்டு இரிக்கில்லியா, அதுல. திகதியும் போடுங்க. இல்லாட்டி அலுவலகத்துல முஸ்தாக் நானா திருப்பி அனுப்புவார். சீலும் வைங்க. நல்லாக் குத்துங்க, மை காய்ஞ்சு கிடக்கு.

ஜஸாக்கல்லாஹ் சேர். உண்மையாத்தான் செல்றன்.

என்ன கேட்டீங்க? சொந்தமா? இல்ல சேர், சொந்தமும் இல்ல ஒண்டும் இல்ல. அந்த வெள்ளிக்கிழமை வரைக்கும் அவட மூஞ்சியே எனக்குத் தெரியாது. ஒரு பூ, ஒரு பேர். ஏன் இப்பிடி நிக்கிறண்டு... செல்றன். இந்தப் பெட்டிய அங்கால தள்ளி வைங்க. துண்டுதானே? பொம்புளப் புள்ளையள் எழுதித் தந்த கேள்வி? வேணாம். இண்டைக்கு நான் துண்டு வாசிக்கல்ல. கேக்குற புள்ள எழும்பி நிண்டு கேக்கட்டும், நான் அவட மூஞ்சியப் பாத்துப் பதில் செல்லுவன்.

போன வருசமும் இதே கூட்டத்துக்கு நீங்க என்னக் கூப்பிட்டீங்க, ஞாபகமா? எனக்குக் கெம்பஸ் கிடைச்சு ரெண்டு மாசம், தலை வானத்துல. ஆம்புளப் புள்ளையள் எழும்பிக் கேட்டாங்க. பொம்புளப் புள்ளையள் வழமைபோல துண்டு எழுதி முன்னுக்குக் கடத்தி விட்டாங்க, பேர் போடாம. நாலாவதோ அஞ்சாவதோ ஒரு துண்டு. ஒம்பது ஏ எடுத்த பொம்புளப் புள்ள டெக் எடுக்கலாமா, எனக்கு எஞ்சின்தான் விருப்பம் எண்டு எழுதியிருந்திச்சி. நான் அத மைக்குல ராகம் போட்டு வாசிச்சன். விவாதம் செஞ்சவ தானே, எந்த இடத்துல கைதட்டு விழும் எண்டு எனக்குத் தெரியும். ஒம்பது ஏ எடுத்துட்டுக் கராஜ் தொறக்கப் போறீங்களா தங்கச்சி, தொறந்தா செல்லுங்க, எங்கட வாப்பாட மோட்டச்சைக்கிளக் கொண்டு வாறன், டிஸ்கவுண்ட் போட்டுத் தாங்க எண்டன். ஹோல் அதிர்ந்திச்சி. பின்னால இரிந்தவனுகள் கூ அடிச்சானுகள். நீங்களும் மேசையில தட்டித் தட்டிச் சிரிச்சீங்க. எஞ்சினியரிங் படிக்கப் போற பொம்புள நான், மேடையில நிண்டு செல்றன் இத. பதில் செல்லவும் இல்ல. துண்ட மடிச்சு வெச்சுட்டு அடுத்ததக் கையில எடுத்தன்.

அந்தக் கிழமையே அவ டெக் ஃபோமக் கிழிச்சுப் போட்டுட்டு பயோவுக்கு எழுதியிருக்கா. வாப்பாட்டக் காரணம் செல்லல்ல.

கொட்டிலுக்குப் போகக்குள்ள எனக்கு இது ஒண்டும் தெரியாது சேர். வெள்ளிக்கிழமை கொட்டிலுக்குள்ள நிண்டு அந்தப் புள்ளைக்கு நான் ஏசுறன். இவ்வளவு விருப்பத்த மனசுக்குள்ள வெச்சுக்கிட்டு ஏன் வாயத் தொறக்கல்ல எண்டு ஏசுறன். ஸ்கூலுக்கு ஏசினன், உங்களுக்கு ஏசினன், ஊருக்கு ஏசினன். படிச்ச பொம்புள ஒராளிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதா, என்னப் போல ஆக்கள் ஸ்கூலுக்கு வந்தம்தானே எண்டன். அவ கோவிக்கல்ல. கையில இரிந்த எண்ணெயப் பழஞ்சீலையில துடைச்சா. துடைச்சுப் போட்டு என்ன நல்லாப் பாத்து, வாப்பாட மோட்டச்சைக்கிளக் கொண்டு வாங்க ராத்தா, டிஸ்கவுண்ட் போட்டுத் தாறன் எண்டா.