இருநூற்று ஐம்பத்தைந்தாவது கட்டில்

ஓர் ஊரையே மூன்று வாரத்தில் படுக்கவைத்தவன் நான். ஒருவரையும் தொடவில்லை. நாற்காலியை விட்டு எழுந்ததுகூட மதியச் சாப்பாட்டுக்குத்தான்.

இதை விசாரணை அறையில் சொன்னபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி சிரித்துவிட்டாள். நான் சொல்வதில் முக்கால் பங்கு புளுகு என்று சாட்சி சொல்லத்தான் அவளை வரவழைத்திருந்தார்கள். அரைப் பங்கு என்று நான் வாதாடுவேன். வெள்ளத்தில் போன லாரியை ஒற்றைக் கையால் கரைக்கு இழுத்ததாக ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன், அது சைக்கிள். கயிறும் இருந்தது.

ஆனால் இந்தக் காரியத்தில் கூட்டல் கிடையாது. என் மைத்துனன், அதாவது அவளுடைய தம்பி, ஊர்த் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்கிறவன். பழி அவன்மேல் விழுந்து, சிறைக்குப் போக நாள் எண்ணிக்கொண்டிருக்கிறான். முப்பத்தைந்து வருடம் நகராட்சிக் கொள்முதல் பிரிவில் உட்கார்ந்து நான் செய்த ஒரே பெரிய காரியம் இது. பேர் அவனுக்குப் போவதா?

எங்கள் ஊர்ப் புது ஆஸ்பத்திரிக்கு வெளிநாட்டு வங்கி கடன் கொடுத்தது, ஒரு கம்பெனி கட்டியது, நகராட்சி வாக்குக் கொடுத்தது. ஏழு மாடி, முந்நூறு கட்டில், லிஃப்டுக்குள் பாட்டு. ஒப்பந்தம் தலையணைத் தடிமன். மத்தியானத்தில் நான் அதை அப்படித்தான் பயன்படுத்தினேன். நூற்றுப் பதினான்காம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. வங்கி வந்து எண்ணும் நாளில் நூற்றுக்கு எண்பத்தைந்து கட்டிலில் ஆள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மிச்சக் கடன் வராது, கம்பெனி கதவைப் பூட்டிக்கொண்டு போய்விடும். ஆள் சேர்ப்பது நகராட்சியின் பொறுப்பு.

எங்கள் ஜனங்களோ கல்லைத் தின்று செரிக்கிறவர்கள். திறந்து ஆறு மாதத்தில் உள்ளே இருந்தது முப்பத்தொரு பேர். அதில் நான்கு பேர் ஏசிக்காக வந்தவர்கள். நகராட்சித் தலைவர் என்னைக் கூப்பிட்டு, "நீங்கதான் எதையாவது செய்வீங்க, ஆளப் பிடிங்க" என்றார்.

முதலில் நேர்மையாகத்தான் முயன்றேன். பழைய இலவச மருந்தகத்தை வெள்ளையடிக்க மூடினேன். சுண்ணாம்பு இன்னும் காய்ந்துகொண்டிருக்கிறது. ஓய்வூதியர் சங்கக் கூட்டத்தை நான்காம் மாடிக் கட்டில்களிலேயே நடத்திப் பார்த்தேன். தீர்மானம் நிறைவேறியதும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டிவிட்டார்கள். கடைத்தெருவில் வேகத்தடைகளைப் பெயர்த்தேன். ஜனங்கள் முன்பைவிட ஜாக்கிரதையாகத் தெருவைக் கடந்தார்கள். நன்றிகெட்ட ஊர்.

வங்கிக்காரர்கள் மூன்று வாரத்தில் வருவதாகக் கடிதம் வந்த அன்றுதான், தொட்டியில் போடும் பிளீச்சிங் பவுடர் தீர்ந்துவிட்டது என்று மைத்துனனின் கடிதமும் வந்தது. ஓரத்தில் 'பேசுக' என்று எழுதினேன். அலுவலக வாசனை இல்லாதவர்களுக்குச் சொல்கிறேன்: அந்த ஒரு சொல்லை எழுதிவிட்டால், சம்பந்தப்பட்டவன் நேரில் வந்து பேசி, எனக்குத் திருப்தியானால்தான் கோப்பு நகரும்.

வந்தான்.

"அத்தான், பவுடர் இல்லாம தண்ணி விடக் கூடாது."

"விடாட்டி ஜனங்க உன்னத் தூக்கித் தொட்டியில போட்டுடுவாங்க. தொறந்து விடு. பவுடர் வழியில வருது."

"எந்த வழியில?"

"வர்ற வழியிலதான்டா."

நான்கு தடவை வந்தான். நான்கு தடவையும் எனக்குத் திருப்தி ஏற்படவில்லை.

நான் எதையும் கலக்கவில்லை என்பதை நியாயமானவர்கள் கவனிப்பார்கள். கலக்க வேண்டியது கலக்கப்படவில்லை, அவ்வளவுதான். மழைக்காலம், ஓட்டைக் குழாய், ஒட்டியே ஓடும் சாக்கடை. மற்றதை அவை பார்த்துக்கொண்டன. முதல் வாரம் எண்பது பேர். அடுத்த வாரம் நூற்று அறுபது. தினமும் ஒன்பதரைக்கு நர்ஸ் போனில் எண்ணிக்கை சொல்வாள். பந்தய முடிவு கேட்கிறவன் மாதிரிக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். வங்கிக்காரர்கள் வந்த காலையில் இருநூற்று ஐம்பத்து நான்கு. ஒன்று குறைகிறது. நான் வாசலுக்கும் வரவேற்பறைக்கும் நடக்கிறேன். அப்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்கினான் மைத்துனன். சொந்தம் என்றால் அதுதான்.

வங்கியிலிருந்து வந்த அம்மையார் கட்டில் கட்டிலாக எண்ணிவிட்டு என் கையைக் குலுக்கினார். இவ்வளவு உயிரோட்டமான ஆஸ்பத்திரியைத் தான் பார்த்ததே இல்லை என்றார். அவர்கள் விமானம் ஏறிய அன்றே பவுடரும் வந்து சேர்ந்தது.

செத்தது ஏழு பேர். எதையும் பத்தால் பெருக்கும் நான் இதை அப்படியே வைத்திருக்கிறேன். ஏழாவது, இருபது வருடமாக எனக்கு முடி வெட்டியவர். அவர் கட்டில் அரைமணி நேரத்தில் நிரம்பிவிட்டது. ஆனால் ஆஸ்பத்திரி பூட்டப்படவில்லை பாருங்கள். என் மனைவியின் மூட்டுவலிக்கு இப்போது அங்கேதான் வைத்தியம். யாருக்கும் கெடுதல் நினைத்துப் பழகியவனல்ல நான்.

விசாரணை அதிகாரி அம்மா பேனாவை மூடினார். "கோப்பு எங்க?"

"நான் ஓய்வுபெற்றப்ப பழைய பேப்பரோட எடைக்குப் போயிடுச்சு."

"மச்சினனக் காப்பாத்த நல்லாத்தான் கதை கட்டுறீங்க, பெரியவரே."

"அதத்தான்மா நானும் சொல்றேன்" என்றாள் மனைவி. "மனசு தங்கம். வாயத் தொறந்தாதான் லாரி லாரியா வரும். என் தம்பிக்காகப் பழிய ஏத்துக்கிறாரு."

கிளம்புகிற அவசரத்தில், ஒப்புக்கு ஒரு கேள்வி கேட்டார் அதிகாரி. "அப்ப உங்க வீட்ல யாருக்கும் ஒண்ணும் ஆகலையா?"

"எங்களுக்கு என்னம்மா ஆகும்? மூணு வாரமும் கொதிக்கவச்ச தண்ணிதானே. இவருக்குத் தொண்டை சரியில்லன்னு..."

நிறுத்தினாள். கைப்பையின் பிடியை இரண்டு தடவை முறுக்கினாள்.

"கொதிக்கவைக்கிறத எப்ப நிறுத்தினீங்க?" என்றார் அதிகாரி. பேனா மறுபடி திறந்திருந்தது.

"வங்கிக்காரங்க ஊருக்குப் போன மறுநாள். 'போதும், கேஸ் வீணாகுது'ன்னாரு." குரல் இறங்கிவிட்டது. "அடுத்த தெருதாம்மா தம்பி வீடு. அவன்கிட்டயும் கொதிக்கவைக்கச் சொல்லட்டுமான்னு கேட்டேன். 'தொட்டிக்காரனுக்கே தண்ணியப் பத்திச் சொல்லித் தர்றியா'ன்னு சிரிச்சாரு."

நாற்பது வருடத்தில் முதல்முறையாக அவள் என்னைச் சந்தேகமில்லாமல் பார்த்தாள். மறைக்காமல் சொல்கிறேன், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அவள் அதிகாரி பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இவரு சொன்னது நடந்ததுதாம்மா. எழுதிக்கோங்க."