சொர்ணத்துக்குப் போட்ட சத்து ஊசி

என் மாமியாருக்கு என்னை மிகவும் பிடிக்கும். வஞ்சிரம் வந்தால் நடுத்துண்டு எனக்குத்தான். திருவிடந்தைக் கரையில் மீன் விற்று மகளைப் படிக்க வைத்தவர் சொர்ணம் அத்தை. மாப்பிள்ளை மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறார் என்று குப்பம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்.

நான் ஆராய்ந்தது அமைலின் என்ற ஹார்மோனை. கணையம் இன்சுலினோடு சேர்த்துச் சுரப்பது. எலும்பு கரைவதை அது தடுக்கும். கரைவது குறைந்தால் எலும்பிலிருந்து ரத்தத்துக்கு வரும் கால்சியமும் குறையும். எலிகளில் இதைக் காட்டினேன். "எலிக்குச் சரிப்பா, மனுஷனுக்கு?" என்று துறைத்தலைவர் தர்மராஜ் சிரித்தார். நியாயமான கேள்விதான், இன்ஸ்பெக்டர் மேடம்.

அத்தைக்கு எலும்பு தேய்ந்திருந்தது. விழுந்தால் இடுப்பு முறியும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். நானே தயாரித்த மருந்தைச் சத்து ஊசி என்று சொல்லிப் போட்டுவந்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை. முந்தானையை ஒதுக்கிக் கையை நீட்டுவார்.

சில வாரங்களில், "இன்னா மாப்ள, வாயச் சுத்தி எறும்பு ஊர்ற மாதிரியே கீது" என்றார். ரத்தத்தில் கால்சியம் இறங்குகிறது என்று அர்த்தம். அப்படியானால் மருந்து மனிதருக்கும் வேலை செய்கிறது. மருந்தின் அளவைக் கூட்டினேன்.

என் மனைவி ஷீலா அம்மாவுக்குக் கால்சியம் மாத்திரை வாங்கி வந்தாள். அது முடிவைக் குழப்பிவிடும். டப்பாவில் வெறும் மாவு மாத்திரைகளை மாற்றி வைத்தேன். ஷீலா எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிறவள்; அதனால் சொல்லவில்லை.

பிறகு அத்தையின் விரல்கள் மடங்கி இறுகத் தொடங்கின.

"கத்தி புடிக்க முடில மாப்ள. இந்த ஊசி வாணாமே."

"இன்னும் கொஞ்ச நாள்தான், அத்தை."

சரியென்று தலையாட்டினார். என் பையில் கால்சியம் ஊசி இருந்தது. போட்டிருந்தால் விரல்கள் அங்கேயே விரிந்திருக்கும். நான் பரிசோதனைக்கு ரத்தம் மட்டும் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் மீன் ஏலம் விடும் இடத்தில், கால்சியம் அடியோடு குறைந்து வலிப்பு வந்து, உயரமான சிமெண்ட் மேடையிலிருந்து கீழே விழுந்தார். தூக்குவதற்குள் இதயம் நின்றுவிட்டது. ஷீலா அழுததைப் பார்க்கத் தாங்காமல் நானும் அழுதேன். அந்த மாத்திரை டப்பாவை அவளே உங்களிடம் கொண்டுவந்து கொடுத்ததில் எனக்குக் கோபமில்லை.

பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரிடம் ஒன்றுதான் கேட்டேன். அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தும் ஓர் எலும்புகூட முறியவில்லையாம்.

கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள் மேடம், கையெழுத்துப் போடுகிறேன். மருந்து தோற்றது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அத்தை வருத்தப்படுவார்.