தாளித்த கடலை

"செத்ததுதாம்லே சூடா இருக்கு. உயிரோட இருக்கது சில்லுன்னு கெடக்கு."

தொண்ணூறுகளில் ஒரு காலை, பாளையங்கோட்டை போகும் டவுன் பஸ்ஸில் என் முன் சீட்டிலிருந்து கேட்டது இது. கல்லூரிப் பையன்கள் இருவர். நெட்டையன் மடியில் இரண்டு டிபன் டப்பாக்கள். ஒன்றில் முளைவிட்ட கொண்டைக்கடலை, மற்றதில் அவித்தது. அன்று அவர்களுக்குச் செய்முறைத் தேர்வு.

"முளைச்சது மாவுச்சத்த எரிச்சு சூடு விடும், அவிச்சது விடாதுன்னு சார்ட்ட காட்டணும்லா?" என்றான் குட்டையன்.

"அவிச்சு மட்டும் குடுன்னுதான் அம்மாட்ட சொன்னேன். சுடச்சுடத் தாளிச்சு, தேங்காப்பூவும் போட்டுட்டா. வெறும் கடலைய எப்படிலே குடுத்து விடன்னு கேக்கா."

"தொறந்து வையி. பைய ஆறட்டும்."

பஸ் ஆற்றுப்பாலத்தில் நெரிசலில் நின்றது. ஆறுவதற்காகத் திறந்த டப்பா, பாலம் தாண்டுவதற்குள் காலியாகிவிட்டது.

"காரம் கூடுதல்லே. எனக்கு வேர்த்து ஊத்துது," என்றான் குட்டையன்.

நெட்டையன் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

"நீ இங்கனயே கடலைய எரிக்க ஆரம்பிச்சிட்ட. தெர்மாமீட்டர ஒன் வாயில வச்சுக் காட்டிருவோம். உயிருள்ளது சூடு விடுதுல்லா?"

"அப்போ செத்ததுக்கு?"

"அதுக்கு நான் இருக்கேன். சார் அந்தக் காலி டப்பாவத் தொறக்கட்டும்."