ஒரு கையில் வரும் கதவு

— சாப்பாட்டுக் கேரியர் அப்படியே இருக்குங்க. மூடியக்கூடத் தொறக்கல அவன்.

— மெதுவாப் பேசு. மாப்ள அந்தப் பக்கம் கார்ல உக்காந்து சீட்டு சரியா இருக்கான்னு பாத்துட்டிருக்கான். காதுல விழும்.

— விழட்டும். என் தம்பி ரேஸ் ஓட்டுறான்னு ஊரெல்லாம் பெருமையடிச்சேன். இப்ப கன்னம் ஒட்டி, கண்ணு உள்ள போயி, பாக்கச் சகிக்கல. கார் எடையக் குறைக்கத்தானே உங்களுக்குச் சம்பளம்? அவன ஏன் குறைக்கிறீங்க?

— நான் எங்கடி அவனக் குறைச்சேன்? நான் குறைச்சது இதோ, இந்தக் கதவு. தூக்கிப் பாரு.

— வேணாம். கால்ல போட்டுக்குவேன்.

— அட, தூக்குடி.

— ஐயே! இது கதவா, அட்டையா? ஒரு கையில வருதே!

— கார்பன் ஃபைபர். பிசின்ல ஊறின துணி மாதிரி வரும். அச்சுல அடுக்கடுக்கா ஒட்டி, சூட்டுல வேக வைப்போம். கூரை, பானெட், எல்லாம் இதேதான். மேல பெயிண்ட் அடிச்சாச்சு, பாத்தா இரும்பு மாதிரியே இருக்கும். இரும்புக் கதவா இருந்தப்ப ரெண்டு பேர் புடிப்போம்.

— அப்ப காருதான் இளைச்சாச்சே, அவன் சாப்பிட்டா என்ன? ஆமா, இதென்ன கட்டி? அசையவே மாட்டேங்குது.

— அத விடு.

— என்னன்னு கேட்டேன்.

— ஈயம். கார் தரையில வச்சு முடுக்கணும்.

— எதுக்கு?

— எடைக்கு. காரும் ஓட்டுறவனும் சேந்து இவ்வளவாவது இருக்கணும்னு ரேஸ்ல ஒரு விதி. நாங்க அதுக்கும் கீழ போயிட்டோம்.

— எடை பத்தலன்னு ஈயம் வைக்கிறீங்க, அவனப் பட்டினி போடுறீங்க. மூளை இருக்கா உங்களுக்கெல்லாம்? அந்த எடைய அவன் சோறாத் தின்னுட்டுப் போறான்!

— இதையேதான் மொதலாளிகிட்ட நானும் கேட்டேன். ஆளோட எடை மேல நிக்கும், திருப்பத்துல காரத் தள்ளும். ஈயம் அடியில கிடக்கும், கார் தரையக் கவ்வும்னாரு. அவர் சொன்னதுல தப்பில்லடி.

— நீங்க முடுக்காதீங்க.

— நான் இல்லன்னா வேற ஒருத்தன் முடுக்குவான். மாப்ள ஓட்டலன்னா வேற ஒருத்தன் ஓட்டுவான். அது அவனுக்கும் தெரியும். காலையில என்கிட்ட வந்து, 'இன்னொரு கட்டி வைங்க மாமா, நான் அதுக்குத் தக்க எடையக் குறைச்சுக்கிறேன்'ங்கிறான். என்ன பண்ணச் சொல்ற என்னை?

— சொன்னாக் கேக்க மாட்டான். சொல்லாம என்னால இருக்கவும் முடியல.

— கண்ணத் தொடை, எறங்கி வர்றான். மாப்ள! அக்கா பக்கத்துல கதவு சாஞ்சிருக்கு பாரு, அத எடுத்துட்டு வா. மாட்டிடலாம்.

— சரி மாமா. நீ எப்பக்கா வந்த? கொஞ்சம் தள்ளிக்க.

— டேய், பாத்துடா! ஏன்டா, ரெண்டு கையாலயும் தூக்க முடியலையா?

— ஒண்ணுமில்லக்கா. மாமா, ஓடி வந்து ஒரு பக்கம் புடிங்க. ஏன், பழைய இரும்புக் கதவையே திரும்ப மாட்டுறீங்களா?