மிதிச்சது யாரு?

— அதென்னங்க, பேனாவைக் கையில வெச்சுக்கிட்டுக் கூரையைப் பாத்துக்கிட்டிருக்கீங்க? போலீஸ் நோட்டீஸ்ல ‘வண்டி ஓட்டியவர் பெயர்’னு கட்டம் போட்டிருக்கான். உங்க பேரை எழுதுங்க.

— இரு மாஸ்டர். பள்ளிக்கூடத் தெரு, நாப்பதுல போக வேண்டிய இடத்துல அறுபத்து மூணாம். நான் அறுபத்து மூணுல போற ஆளா? சைக்கிள்காரன் மணியடிச்சு என்னை முந்திட்டுப் போறான். அந்த கேமராவுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு.

— கட்டின பொண்டாட்டியை வீட்டுல மாஸ்டர்னு கூப்பிடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது!

— மூணு மாசம் நீ அதட்டி அதட்டி வண்டி சொல்லிக் குடுத்ததுல நாக்குல ஒட்டிக்கிச்சு மாஸ்டர்.

— சரி, ஃபோட்டோவைப் பாருங்க. நம்ம டிரைவிங் ஸ்கூல் வண்டி. பக்கத்து சீட்டுல நான். ஸ்டியரிங்கைப் பிடிச்சிருக்கறது யாரு?

— நான்தான். கண்ணை மூடியிருக்கேன்.

— அப்ப எழுதுங்க. ஸ்கூலுக்கு ஏற்கெனவே ரெண்டு எச்சரிக்கை வந்தாச்சு. இன்னொரு தடவை என் பேரு போச்சுன்னா இழுத்து மூடிடுவாங்க.

— என் பேரு போச்சுன்னா, நேத்து வந்த லைசென்ஸ் போயிடுமே! பாஸ் பண்ண சந்தோஷத்துல நான் இன்னும் ஒழுங்காத் தூங்கக்கூட இல்ல. ம்ம்... ஆனா அறுபத்து மூணு! நான் வேலை பாக்கற நூலகத்துல எல்லாரும் என்னை ஆமைன்னுதான் கூப்பிடுறாங்க. இந்த ஃபோட்டோவை ஃபிரேம் போட்டு மேசை மேல வெச்சா, அவனவன் வாயைப் பொளப்பான்ல? எழுதிட்டேன். பாரு, என்னா கம்பீரமான எழுத்து!

— கீழ கையெழுத்துப் போடுங்க.

— பொடி எழுத்துல என்னமோ போட்டிருக்கே. ‘பொய்த் தகவல் தந்தால் ஆறு மாதம் சிறை.’ நமக்கென்ன பயம்? நான்தானே ஓட்டினேன்!

— நில்லுங்க. போடாதீங்க.

— ஏன் மாஸ்டர், முகம் வெளுத்துப் போச்சு?

— என்கிட்டயே கத்துக்கிட்டு எனக்கு எதிர்த்தாப்புல ஸ்கூல் திறந்தானே ஒருத்தன், அவன் அன்னிக்கு நம்மளை முந்திக்கிட்டுப் போனான். போறவன் கையை வேற ஆட்டினான். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. சொல்லிக் குடுக்கற வண்டின்னு என் பக்கமும் ஒரு ஆக்சிலரேட்டர் இருக்குல்ல? ஒரே மிதி.

— அப்ப மிதிச்சது நீயா! சரி, போகட்டும் விடு. அன்னிக்கு ஒரு நாள்தானே?

— அன்னிக்கு மட்டும் இல்லங்க. முதல் வாரம் தையக்கடைக்குள்ள வண்டியை விட்டீங்களே? அன்னிக்கே உங்க பக்கத்து ஆக்சிலரேட்டர் கம்பியைக் கழட்டிட்டேங்க. உங்களை உசுரோட வீட்டுக்குக் கூட்டிட்டு வர எனக்கு வேற வழி தெரியல.

— அடிப்பாவி! மூணு மாசமா நான் வெறும் தகரத்தையா மிதிச்சுக்கிட்டிருந்தேன்? கால் வலிக்குதுன்னு சொன்னப்ப தைலம் வேற தேச்சு விட்டியே!

— பாவமா இருந்துச்சுங்க. டெஸ்டுக்கு முன்னாடி கம்பியைத் திரும்ப மாட்டிடலாம்னுதான் இருந்தேன்.

— மாட்டினியா?

— ஐயையோ.

— இரு, இரு. டெஸ்டுக்கும் இதே வண்டிதான். உன் சீட்டுல அந்தக் குண்டு ஆபீசர் உக்காந்தாரு. நான் மிதிக்கிறேன் மிதிக்கிறேன், வண்டி நகரவே இல்ல. அவரு அப்படியே கண் அசந்து, குறட்டை விட்டுக்கிட்டே காலை நீட்டினாரு. உடனே ஜம்முனு கிளம்புச்சு. எனக்குக் கை வந்துடுச்சுன்னு நான் அழுதேனே மாஸ்டர்... அப்ப டெஸ்டுல பாஸ் ஆனது நானா, அந்தக் குறட்டையா?